இருபத்துநாலு வீட்டின் கருத்து

மேல் டிவிசன்,
பலாங்கொடை.
09.03.2003

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஸ்ரீதரன் அவர்களுக்கு, மாமனார் இருளப்பன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் வெள்ளையம்மாவும் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்துக்கும், ஏழு மாதமாயிருக்கும் என் மகள் கலைச்செல்வியின் சுகத்துக்கும் மாரியம்மன் துணை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம்ம முறை. நீங்களோ லைட் இல்லாத தோட்டத்து லயத்து வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். நியாயம்தான். போன வாரம் கிருசாந்தி என்று ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் ஃபாரங்களோடு வந்தார். கடனில் மூழ்கிக் கிடக்கும் மின்சார சபையைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, ஆமாவா இல்லையா, ஏன் என்று கேள்வி. லயத்துக்கு எந்த ஃபாரம் வந்தாலும் தோட்டத் தலைவர் என்ற முறையில் இருபத்துநாலு வீட்டுக்கும் நான்தான் நிரப்புவேன். மின்சாரம் என்ற எழுத்தைப் பார்த்ததும் லைட் தரத்தான் என்று நினைத்து, எல்லாருக்கும் 'ஆமா' போட்டு, 'ஏன்' என்ற இடத்தில் 'அறைக்கு இரண்டு பல்பு, ஒரு ப்ளக்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா, கம்பம் நடக் குழியும் தோண்டிட்டோம். அதுல பழனியாண்டியோட ஆடு விழுந்துருச்சு. ஆட்டைத் தூக்கப் போன பழனியாண்டியும் விழுந்துட்டான். ரெண்டையும் தூக்கிக்கிட்டு இருக்கும்போது, ஃபாரங்களைப் படித்துப் பார்த்த மிஸ் திரும்பி வந்து, "ஐயா, நான் கருத்துக் கேக்கத்தானே வந்தனான். லைட் எடுத்துத் தர எனக்கு அதிகாரம் இல்லை" என்கிறார்.

எனக்குத் தலை சுத்திருச்சு. குழிக்குள்ள இருந்தே பழனியாண்டி, "தொண்ணூத்திரெண்டுல தோட்டத்தையே கம்பெனிக்குக் குடுத்தாங்க மிஸ். போர்டு மாறுச்சு, பீலிக் குழாயில தண்ணி வரல. குடுக்காதீங்கன்னு எழுதுங்க" என்றான். வெள்ளையம்மா விடுவாளா. "அரசாங்கம் வச்சிருந்தப்பவும் நமக்குக் குப்பி லாம்புதான். யாரு கையில இருந்தா என்ன, மொதல்ல லயத்துக்குக் கம்பி இழுக்கட்டும். விக்கிறதா வேணாமான்னு அப்புறம் வெளிச்சத்துல உக்காந்து பேசுவோம்" என்றாள். மிஸ் சிரித்துவிட்டு இருபத்துநாலு ஃபாரத்திலும் அதையே எழுதிக்கொண்டார். இப்படி ஒரு கருத்து வேறெங்கும் கிடைக்கவில்லையாம், மேலிடத்துக்குக் கட்டாயம் சொல்வாராம். எனக்கு நம்பிக்கை இருக்கு மாப்பிள்ளை.

ஆகவே நீங்கள் சொன்னதே சரி. லைட் வந்த அன்னைக்குச் சந்தியில் இருக்கும் நூரியா கடை டெலிபோனில் கூப்பிடுகிறேன், அதுவரை செல்வி உங்களிடமே இருக்கட்டும். இருவரும் நூறாண்டு நலமாய் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா இருளப்பன்

பி.கு.: இதை மடிக்கும்போது செல்வி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். "எங்க போறேன்னு அவருக்குச் சீட்டு எழுதி வச்சிட்டு வந்தேன்ப்பா. லைட்டு வர்றப்ப வரட்டும், எனக்கு இப்ப அம்மா வேணும்" என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாயும் மகளும் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்குது. கோபப்படாமல் வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்க மாப்பிள்ளை.