கஜந்தியின் பிரியாவிடை

ஸ்பிரிங்வேல்,
23.04.2012

பெருமதிப்புக்குரிய பாலேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி விஜயரத்தினம் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ராதாவும் சுகம். சிட்னி கிரவீன் குளிரிலும் உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்குமென்று நம்புகிறோம். வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம்.

நிற்க. மருந்துக்கடை உத்தியோகத்தை விட்டுவிட்டு, மூன்று வருடமாகக் கபரே என்று மேடையில் பாட்டும் பகிடியுமாகத் திரியும் என் மகள் கஜந்தியை உடனே நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த சம்பந்தம் சரிவராது என்றும் சொன்னீர்கள். நியாயம்தான். நிறுத்திவிட்டேன்.

பெற்ற பிள்ளையை ஏசி இறக்க மனம் வரவில்லை, அக்கா. எங்கள் மூத்தோர் சங்கத்தில் ஒருவர் பதவியிலிருந்து இளைப்பாறினால் என்ன செய்கிறோம், பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசி, மரியாதையாக வீட்டுக்கு அனுப்புகிறோம். அதையே இவளுக்கும் செய்துவிடலாமென்று ஒரு பொன்னாடையும், ஆங்கிலத்தில் நாலு பக்கப் பிரியாவிடை உரையும் எடுத்துக்கொண்டு சனி பின்னேரம் அவள் பாடும் மண்டபத்துக்குப் போனேன். ராதா வரவில்லை. தாய்க்காரி எனக்குத் தெரியாமல் பதினொரு தரம் பார்த்துவிட்டாளாம், அதுவும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் ஒரேயொரு கதிரை வெறுமையாக இருந்தது, அதில் இருந்தேன். குத்துவிளக்கும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. கஜந்தி என்ரை பழைய மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்பிரிங்வேல் கடையில் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்க்கும் ஒரு விசர்க் கிழவனைப் பற்றிப் பாடினாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பாட்டு முடியிற நேரம்தான் கோட்டை வடிவாகப் பார்த்தேன்.

சனம் கைதட்ட, நிகழ்ச்சி முடிஞ்சுது எண்டு நினைச்சு மேடையில ஏறிவிட்டேன். அது பாதிதானாம். பொன்னாடையைப் போர்த்தினேன், பிள்ளை மரியாதையாகத் தலை குனிந்தாள். “இம்மேடைக்கு மூன்றாண்டு அரும்பணியாற்றி இன்று இளைப்பாறும் செல்வி கஜந்தி” என்று தொடங்கியதுமே சிரிப்பு. பியானோக்காரர் வேறு பின்னால் மெல்ல வாசிக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் பக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சங்கத்தில் எனக்கு ஒரு நாளும் அப்படித் தட்டியதில்லை.

எல்லாம் முடிய, அவள் பொன்னாடையைக் கழற்றாமலே வந்து சொன்னாள்: “அப்பா, நீங்கள் இருந்த கதிரை மூண்டு வருசமா உங்களுக்கெண்டு விட்டு வைச்சது. ஒரு நாளும் ஒருத்தரையும் இருக்க விடேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். சபையறியப் பிரியாவிடை முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தைரியமாக எழுதுங்கள்.

ராதாவின் அன்பும் இத்தோடு. உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
விஜயரத்தினம்

பி.கு: மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதுவதைக் கொஞ்சம் பொறுங்கள். மண்டபக்காரர் அந்தப் பிரியாவிடை நாள்தோறும் வேண்டுமென்கிறார். ஆகவே கஜந்தி வியாழன் தொடக்கம் தினமும் இளைப்பாறுகிறாள். ஜூன் மாதம் சிட்னியிலும் நாலு நாள் இளைப்பாறுகிறாள், நான் உங்கள் வீட்டில்தான் தங்குவேன். முன்வரிசையில் உங்களுக்கென்று “மாமி” என்று எழுதி ஒரு கதிரை வைக்கச் சொல்லிவிட்டாள். பொன்னாடை வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.