ஏற்றாத விளக்கும் ஒரு டப்பா அதிரசமும்

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பலகாரம் சாமிக்குப் படைக்காதது என்றால், அதைச் சொல்லிக் கொடுப்பது மரியாதையா, சொல்லாமல் கொடுப்பது மரியாதையா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கரையான்சாவடியில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர் வீடு எஸ்தர் அக்காவுடையது. பள்ளி வேனிலிருந்து என் மகளை இறக்கி, நான் மெட்ரோ பள்ளங்களைத் தாண்டி அலுவலகத்திலிருந்து வந்து சேரும்வரை பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் மனம் கோணினால் என் வேலை போச்சு. (கணவரின் வேலை மட்டும் ஏன் போகாது என்பதை இன்னொரு நாள் கேட்க வேண்டும்.)

சரஸ்வதி பூஜைக்கு நான் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலை அக்கா அப்படியே வாட்ச்மேனிடம் நீட்டியதை மாடிப்படியிலிருந்து பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து சந்தேகம். அவர் "சாப்டியாமா?" என்று கேட்டால்கூட, நேற்றைவிடக் குரல் இறங்கியிருக்கிறதோ என்று யோசிப்பேன்.

"படைச்சதை அவங்கள்ல சில பேர் சாப்பிட மாட்டாங்க," என்றார் கணவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆகவே தீபாவளிக்கு, பண்டிகைதோறும் ஊரிலிருந்து வரும் மாமியார் பூஜையை ஆரம்பிக்கும் முன்பே அதிரசத்தை டப்பாவில் எடுத்து அடுப்படியில் வைத்தேன். ஆனால் அக்கா நம்ப வேண்டுமே? பின்னணியில் ஏற்றாத விளக்கு தெரியும்படி டப்பாவை வீடியோ எடுத்தேன். (எம்.சி.ஏ. படித்தவள்தான்.)

பூஜை முடிந்ததும் அடுப்படியிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஹேப்பி தீபாவளிமா. இன்னாத்துக்கு இவ்ளோ?"

"அக்கா, இது படைக்காதது. அன்னிக்கு சுண்டலை வாட்ச்மேனுக்குக் கொடுத்துட்டீங்களே, அதான். வீடியோகூட இருக்கு."

அக்கா வீடியோவை முழுதாகப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். மூடியின் நடுவில் ஈரம் காயாத குங்குமப் பொட்டு. ஓரத்தில் ஒட்டிய சாமந்தி இதழ்.

எங்கள் வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "இவ அடுப்படியிலேயே மறந்துட்டா. நான்தான் சாமி முன்னாடி வச்சுப் படைச்சிட்டு, திரும்ப அங்கேயே வச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். தரை பிளக்கவில்லை. (இரண்டாவது மாடி.)

"சுண்டல் துன்னா எனக்கு வாயு புடிச்சிக்கும், அதான் குட்த்தேன். இதுக்கா படம் புட்ச்சிகினு வந்தே?" என்று சிரித்தபடி அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டார். மறுநாள் அது கழுவி, சர்க்கரை நிரப்பி வந்தது. உள்ளே இருந்ததைச் சாப்பிட்டாரா? வாயு என்றது நிஜமா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னதா? போன வாரம் அவர் வீட்டில் கொண்டைக்கடலைக் குழம்பு வாசனை வந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கை நீட்டியபோது அக்கா என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "முட்ட போடல, ஒயின் ஊத்தல. வீடியோ காட்டவா?" இப்போது என் மகள்கூட நான் தோசை போட்டால் "வீடியோ இருக்காம்மா?" என்கிறாள்.

இதோ பொங்கல் வருகிறது. அதிரசத்தையாவது முன்பே எடுத்து வைக்கலாம். பொங்கலோ பானையில் பொங்கும்போதே சூரியனுக்குப் படைத்ததாகிவிடுகிறது. அதற்கு முன்னால் எடுத்தால் அது வெறும் அரை வேக்காட்டு அரிசி. நான் எப்போது டப்பாவை நீட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மாமியார் காதில் விழாமல் சொல்லுங்கள்.