ஆழ்கடலாரின் துண்டு

மூன்று மாதத்துக்கு முன்புவரை அந்த நீச்சல் பள்ளியின் மாடிக்கு ஏறுகிறவர்கள் இரண்டே வகை. ஸ்கூபா கற்றுக்கொள்ள வந்தவர்கள், கழிப்பறை எங்கே என்று தெரியாமல் வந்தவர்கள். இப்போதோ வரிசை படிக்கட்டில் வழிந்து, வாசலைத் தாண்டி, பக்கத்துச் சைக்கிள் கடையை மறைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள் கடைக்காரர் முதலில் திட்டினார். பிறகு அவரும் வரிசையில் நின்றுவிட்டார். அவருக்கு நீந்தவே தெரியாது என்பது வேறு விஷயம்.

கூட்டத்துக்குக் காரணம், மாடியில் ஆழ்கடலார் எழுந்தருளியிருந்தார். டைவ் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் ஊட்டிக்கொண்டிருந்தார்!

டைவ் கம்ப்யூட்டர் என்பது பூதமல்ல. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி. கடலுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்று சொல்லும். அவசரப்பட்டு ஏறினால், ரத்தத்தில் கரைந்த காற்று சோடா பாட்டிலைத் திறந்தாற்போலப் பொங்கும். ஆளைப் படுக்கையில் தள்ளும். சில சமயம் எழுந்திருக்கவே விடாது.

இதெல்லாம் ஆழ்கடலாருக்கு அற்ப விஷயம். அவர் கழுத்துவரை கறுப்பு ரப்பர் உடை அணிந்து, மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் வேர்த்துக்கொண்டிருந்தார். கடல் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆனால் வேஷம் என்று வந்துவிட்டால் வெயிலைப் பார்க்க முடியுமா?

வரிசையில் தையல்காரர் நின்றார். பயந்த சுபாவம். ஊசி குத்தினாலே அரை நாள் படுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று, "உள்ளே போனா எப்படி இருக்கும்?" என்று யோசித்தார். அன்று பிடித்தது பைத்தியம். குளத்துப் பயிற்சி முடித்துவிட்டார். நாளை மறுநாள் முதல் கடல் முழுக்கு. அக்கா பார்த்துப் பொறுக்கி, கடையில் வாங்கித் தந்த குறைந்த விலைக் கருவி அவர் கையில் இருந்தது.

அவருக்கு முன்னால் பல் டாக்டர், வலது கையைத் துணித் தொட்டில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"கைக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

"வேகமா மேலே வந்துட்டேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில காத்தழுத்தம் ஏத்தின ஒரு பெரிய குழாய்க்குள்ள படுக்க வச்சிருந்தாங்க. இன்னும் மரமரன்னு இருக்கு."

"ஐயா உயிர் ஊட்டின கம்ப்யூட்டர் இல்லியா உங்க கையில?"

"இருந்துச்சு. எனக்குள்ள சந்தேகக் குமிழி இருந்துச்சாம். அதான் ரெண்டாவது தடவை ஊட்ட வந்திருக்கேன். இதுக்கு இரட்டைக் கட்டணம்."

பல்லைப் பிடுங்குகிறவர் பர்ஸைப் பிடுங்கக் கொடுத்தார். தையல்காரருக்கு அது பக்தியாகத்தான் தெரிந்தது.

முறை வந்தது. ஆழ்கடலார் கருவியை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

"மகனே, இது எங்கே வாங்கியது?"

"கடையில, ஐயா."

"கடையில்!" என்றார் ஆழ்கடலார். கூட்டம் 'உச்' கொட்டியது. "என் கையில் இருக்கும் கடலருள் இதன்மேல் வீணாகக் கூடாது" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்தார். பிறகு கண்ணை மூடி, கருவியின் முதுகில் விரலை வைத்தார். அசைவில்லை. "பிணம்!"

தையல்காரர் கருவியை எட்டிப் பார்த்தார். "பொத்தானை அமுக்கினா எரியுதுங்களே ஐயா..."

"பிணத்தின் இமையை நீ விரலால் திறந்தால், அது உன்னைப் பார்க்குமா?"

ஆஹா என்றது கூட்டம். சைக்கிள் கடைக்காரர் கைதட்டினார்.

ஆழ்கடலார் தன் அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். பக்கத்தில் 'ஏழு கடல் நீர்' என்று ஒரு பித்தளைக் கிண்ணம். விரல்களை அதில் முக்கிக் கடலை வணங்கினார். கருவியின் முதுகைத் தொட்டார். 'பீப்!' திரை பளிச்சென்று எரிந்தது. ஓர் அம்மாள் அழுதே விட்டாள்.

"உயிருள்ள கருவி கையில் இருந்தால் மெல்ல ஏறத் தேவையில்லை. அம்புபோல் ஏறு! குமிழியை அது விழுங்கிவிடும். நாளை வந்து பெற்றுக்கொள்."

மாலையில் கடையில் தையல்காரர் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கு. ஆழ்கடலாரின் கருவிக்குப் பணம் வேண்டுமே. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஸ்பேனர் பையை வெட்டு மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

"என்னடா, மெஷினுக்குக் கல்யாணமா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிணம் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அம்புபோல் ஏறு என்ற இடத்தில் அக்காவின் முகம் மாறியது. அவளுக்குப் பகீரென்றது. மெஷின் போனால் போகட்டும், இந்தப் பயல் போய்விடுவானே!

"டேய், உனக்கு என்ன சொல்லி வாங்கிக் கொடுத்தேன்? எழுத்து பெருசா தெரியணும், பேட்டரி நீயே மாத்தணும், வேகமா ஏறினா கத்தணும். புதுசா இறங்கறவனுக்கு அது போதும். அதுகூட வந்த புத்தகத்தைப் படிச்சியா?"

"அது... உறையை இன்னும் பிரிக்கலை."

"பிரிக்காத புத்தகத்துக்கு வெளியில ஒரு குரு! சரி, அந்த ஆளு என்ன பண்ணினாரு, ஒண்ணு விடாம சொல்லு."

தையல்காரருக்கு மந்திரம் ஞாபகமில்லை. முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. ஆனால் துணி ஞாபகமிருந்தது. "துண்டு நல்ல துண்டு அக்கா. நெருக்க நெசவு. ஓரம் இரட்டை மடிப்பு. கடையில வாங்கின கருவின்னா அதுல கையைத் துடைச்சிட்டுத் தொடுவாரு. அவரு அலமாரி கருவின்னா துண்டையே எடுக்கமாட்டாரு."

அக்கா நின்றாள். மெல்லச் சிரித்தாள்.

"ஊசியில நூல் கோக்கறதுக்கு முன்னாடி என்ன செய்வ?"

"நுனியை எச்சில் பண்ணுவேன்."

"விரலை எச்சில் பண்ணு. கருவி முதுகுல ரெண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கு பாரு. ரெண்டும் சேர்ற மாதிரி வை."

வைத்தார். 'பீப்!'

தையல்காரர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். "அக்கா! எனக்குச் சக்தி வந்துருச்சு! எனக்கே வந்துருச்சு!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சக்தி இல்லடா, ஈரம்! தண்ணியில இறங்கினதும் தானா முழிக்கணும்னு செஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல ஈரம் பட்டா எழுந்துக்கும். மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு."

மறுநாள் மாடியில் நிற்க இடமில்லை. பிஸ்கட் என்ற பள்ளியின் காவல் நாய்க்குக்கூட மேஜைக்கு அடியில்தான் இடம் கிடைத்தது. அக்கா ஸ்பேனர் பையோடு முன்னால் போனாள். தம்பி அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் பாதி தின்ற வெண்ணெய் பன்.

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டுல கையை நல்லாத் துடைச்சிட்டு, உங்க அலமாரியில இருக்கிறதுல ஒண்ணை எழுப்புங்க."

ஆழ்கடலாரின் நெற்றியில் புதிதாக வேர்த்தது. "கடல் இப்போது உறங்குகிறது, பெண்ணே."

"நேத்து இதே நேரம் முழிச்சிருந்துச்சே. ராத்திரி தூக்கம் கெட்டுப்போச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் தொட்டில் கையோடு முன்னால் வந்தார். "துடைங்க சார். நான் ரெண்டு தடவை பணம் கட்டியிருக்கேன்."

வேறு வழியில்லாமல் துடைத்தார். தொட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது.

"அடடா, அலமாரி முழுக்கப் பிணம்!" என்றார் தையல்காரர். சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்தா வந்தது என்று திகைத்தார். தைரியம் வந்ததும் மேஜைமேல் கிடந்த ஒரு கருவியைக் குனிந்து பார்த்தார். "இது பழசு. வார் அறுந்து, வேற நூல்ல மறுபடி தைச்சிருக்காங்க."

"இந்தப் பெண்ணின் அவநம்பிக்கை காற்றில் கலந்துவிட்டது!" என்று அலறினார் ஆழ்கடலார். "தூய ஆத்மா தொட்டால் மட்டுமே இனி..."

சொல்லி முடிக்கவில்லை. மேஜைக்கு அடியில் பிஸ்கட்டுக்குப் பன் வாசனை எட்டிவிட்டது. தையல்காரரின் கையில் தொங்கிய கடைக் கருவிமேல் வெண்ணெய் ஒட்டியிருந்தது. பிஸ்கட் நாக்கை நீட்டி முதுகுப்புறம் ஒரே நக்கு.

'பீப்!'

 முதலில் பல் டாக்டர் சிரித்தார். அழுத அம்மாள் சிரித்தாள். சிரிப்பு படிக்கட்டில் இறங்கி வாசல்வரை போயிற்று. டாக்டர் நல்ல கையால் கிண்ணத்து நீரைத் தொட்டு அலமாரிக் கருவிகளை வரிசையாக எழுப்பினார். பீப், பீப், பீப்! ஆளாளுக்கு விரலை நக்கிக்கொண்டு முண்டியடித்தார்கள். அந்த அமளியில் ஆழ்கடலார் நழுவினார். ஆனால் ரப்பர் உடையில் ஓசைப்படாமல் நழுவ முடியாது. படிக்கு ஒரு கிறீச் என்று கடைசிப் படிவரை கேட்டது. வாசலில் டாக்டரின் இரட்டைக் கட்டணத்தைத் திரும்ப வாங்க, வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த நாள் தையல்காரர் கடலில் இறங்கினார். மீன்களுக்கு நடுவில் வாயில் குழாயோடு சிரித்தார், அழுதார், எல்லாம் செய்தார். மேலே ஏறும்போது பழைய பயம் பிடித்துக்கொண்டது. காலை உதைத்து அம்புபோல் எழும்பினார். கையிலிருந்த 'பிணம்' காதைத் துளைக்கும்படி கத்தியது. நின்றார். கருவி சொன்ன வேகத்தில், குமிழிகளைவிட மெதுவாக வந்தார். படகில் ஏறியதும் அக்காவைப் பார்த்து ஊசி பிடிக்கும் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கேட்டால் உப்புத் தண்ணீர் என்பாள்.

திரும்பி வந்தபோது பள்ளி வாசலில் மறுபடியும் ஒரு சின்ன வரிசை. முதல் ஆள் சைக்கிள் கடைக்காரர். பிஸ்கட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பயபக்தியோடு நீட்டிக்கொண்டிருந்தார்.

கருவியை எழுப்ப ஒரு நாயின் நாக்கு போதுமாயிருந்தது. மனிதர்களே, உங்கள் மூளையை எழுப்ப இன்னும் யார் வந்து நக்க வேண்டும்?