ஹாரன் இல்லாத லோரி

வாயால் லோரி ஓட்டத் தெரிந்த மனிதர் மலாக்கா மாநிலத்தில் ஒருவர்தான். அவர் ஹாரன் அண்ணன். மறுக்கிறவர்கள் என் கடைக்கு வந்து மறுக்கலாம். தேத்தண்ணி என் செலவு.

செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை ஆயுசு முழுக்க ஓட்டியவர். வேலையிலிருந்து நின்றபோது அவர் லோரியை விட்டு இறங்கினார், லோரி அவரை விட்டு இறங்கவில்லை. பாசாரில் முன்னால் போகிறவர் மெதுவாக நடந்தால், தொண்டையை ஒருமுறை கனைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து "பாஆஆம்" என்பார். மீன் வாங்க வந்த கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கும். உம்பாயில் நான் கொடுத்த விருந்து ஒன்றில், சாப்பிட்டு முடித்து நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது, "கோஸ்தான், கோஸ்தான்" என்று தனக்குத்தானே சொல்லி ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் இறால் தட்டோடு வந்த ஆள் பிரேக் போட்டு நின்றுவிட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஆனால் வீடியோ கேம் விஷயத்தில் என்னோடு வாதாட வருகிற பட்டதாரி கொஞ்சம் யோசித்துத்தான் வருவார். மலாக்கா டவுனில் ஒரு கடை வைத்து, பழைய கேம் மெஷின்களை இன்றைக்கும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கிரீன் போனாலும் பட்டன் போனாலும் நானே பிரிப்பேன், நானே மாட்டுவேன்.

அந்தக் கடையில் ஸ்டீரிங், பெடல், சீட் எல்லாம் வைத்த கார் ரேஸ் மெஷின் ஒன்று உண்டு. ஹாரன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவார். வளைவில் அவர் சாய்ந்தால் மெஷினும் சேர்ந்து சாயும். முந்தும் ஒவ்வொரு காருக்கும் வாயால் ஒரு ஹாரன். புது கேம் எது வந்தாலும், "இதுல சாவு பயம் இருக்கா, தவுக்கே?" என்று கேட்பார்; கடை முதலாளி என்பதால் நான் அவருக்குத் தவுக்கே. இல்லையென்றால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவார்.

அவர் கட்சிதான் நானும். பழைய கேமின் சூட்சுமம் காசுப்பெட்டியைத் திறக்கிறவனுக்குத் தெரியும். உட்கார்ந்தவன் சீக்கிரம் சாக வேண்டும். ஆனால் அடுத்த தடவை பிழைத்துவிடுவோம் என்று அவன் நம்ப வேண்டும்.

இப்படிப்பட்ட எனக்குப் பிறந்த தர்ஷினி, கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து தனியாக ஒரு கேம் செய்தாள். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை. படமும் அவளே, இசையும் அவளே. இதற்கு இண்டி கேம் என்று பெயராம். செம்பனை லோரியை இருட்டுவதற்குள் ஆலை கேட்டுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கேம்.

"சுடறது இருக்கா?"

"இல்லப்பா."

"ஏதாச்சும் வெடிக்குமா?"

"செம்பனைக் குலை எங்கப்பா வெடிக்கும்?"

சுங்கை ஊடாங் பக்கம் அவளுக்கு ஓர் ஆபீஸ் வேலை பேசி வைத்திருந்தேன். திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் கெஞ்சவில்லை, என் ரத்தம். "ஒரே ஒரு ஆள் எந்திரிக்காம கடைசி வரைக்கும் வெளையாடட்டும். வெளையாடிட்டா எனக்கு இன்னும் ஒரு வருஷம் குடுங்க. எந்திரிச்சிட்டா திங்கட்கெழம வேலைக்குப் போறேன்" என்றாள்.

"ஆள நான்தான் சொல்வேன்" என்றேன். யாரைச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிறு மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். தர்ஷினி தன் கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டீரிங் எங்க பாப்பா?"

"இதான் மாமா."

"இது டிவி ரிமோட்டு லா. சரி, எத்தன லைஃப்பு?"

"லைஃப்லாம் கெடையாது மாமா. நீங்க சாக மாட்டீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "சாவு இல்லாத எடத்துல எனக்கு என்னா வேல, தவுக்கே?"

பாதி எழுந்துவிட்டார். தர்ஷினி அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஸ்கிரீனில் லோரி ஸ்டார்ட் ஆனது. இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அவர் உட்கார்ந்துவிட்டார். "காலையில இப்படித்தான் மொரண்டு பண்ணும். கொஞ்சம் பொறு" என்று லோரியிடம் சொன்னார்.

லோரி கிளம்பியது. செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் செம்பனை, மேலே கறுத்துக்கொண்டு வரும் மழை. பள்ளம் வந்தால் அவர் தோள் குலுங்கியது. இறக்கத்தில் கால் தானாக இல்லாத பிரேக்கைத் தேடியது. பக்கத்து மெஷின்களில் விளையாடியவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். ஸ்கிரீன் மூலையில் பொழுது சாய்ந்துகொண்டே போனது.

ஒரு வளைவில் சடாரென்று லோரியை நிறுத்தினார். மரத்தடியில் சின்னதாக ஒரு கோயில். வேல், மாலை, எரியும் சுருட்டு.

"முனியாண்டி கோயிலு" என்றார்.

"ஆமா மாமா. நம்ம பழைய தோட்டத்து வளைவுதான்."

"ஹாரன் எந்தப் பட்டன்?"

தர்ஷினியின் முகம் வெளுத்தது. சுருட்டுப் புகை வரைக்கும் வரைந்தவள் ஹாரனை மறந்துவிட்டாள். நம் ஆட்கள் லோரி ஓட்டினால், ஹாரன் அடிக்காமல் முனியாண்டியைத் தாண்டுவார்களா?

"ஹாரன் வைக்கல மாமா."

"கோயில வச்சிட்டு ஹாரன வைக்கலியா?"

"மறந்துட்டேன்."

"அப்ப இந்த வண்டி போவாது."

பின்னால் நின்ற ஒருவர், "அதான் உங்க வாய் இருக்கே அண்ணே. ஒண்ணு அடிச்சிட்டுப் போங்க லா" என்றார்.

"வாய் மனுசனுக்கு. சாமிக்கு வண்டி ஹாரன்தான்."

கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடிக்குப் போயின. அந்தக் கைகள் ஓர் அழுத்து அழுத்தினால் திங்கட்கிழமை சுங்கை ஊடாங். ஸ்கிரீனில் மழை தொடங்கிவிட்டது. நியாயப்படி ஜெயித்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் தர்ஷினி என்னையும் பார்க்கவில்லை, ஸ்கிரீனையும் பார்க்கவில்லை. அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கடையில் எது நடந்தாலும் நேர்மையாக நடக்க வேண்டும். மெஷினில் ஒரு சாமான் குறைந்தால் அதைப் போட்டுக் கொடுப்பது கடைக்காரன் பொறுப்பு. அதற்காகத்தான் வெளியே ஓடினேன். வாசலில் நின்ற என் வேனுக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது வேன் ஹாரன். லோரிக்குப் பத்தாது. நீட்டி அடிங்க, தவுக்கே."

நீட்டி அடித்தேன். பக்கத்துக் காப்பிக் கடையே எழுந்து வந்து பார்த்தது. அடித்துக்கொண்டே இருந்தேன், உள்ளே ஆரவாரம் கேட்கிற வரைக்கும்.

திரும்பி ஓடி வந்தபோது லோரி வளைவைத் தாண்டியிருந்தது. ஆலை கேட் மூடத் தொடங்கிவிட்டது. ரோடெல்லாம் சேறு. ஹாரன் அண்ணன் உடம்பை முன்னால் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஏற்றினார். கேட்டின் இரண்டு கதவும் சேரப்போகும் இடைவெளியில் லோரியின் வால் உள்ளே போனது.

பட்டாசு இல்லை, ஸ்கோர் இல்லை. ஸ்கிரீனில் அந்த டிரைவர் தகரக் கொட்டகையின் கீழ் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு மழையைப் பார்த்தான். ஹாரன் அண்ணனும் பார்த்தார். மழை விடுகிற வரைக்கும் பார்த்தார். பிறகு, "கோஸ்தான்" என்று நாற்காலியைத் தள்ளி எழுந்து என்னிடம் சொன்னார்:

"இவ்ளோ வருசமா உங்க மெஷின்ல ஓட்டுறேன் தவுக்கே. அது எந்த ஊரு ரோடுன்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது.

ஹாரன் பட்டன் வைக்க தர்ஷினி அவர் குரலையே கேட்டாள். சாமிக்கு வாய் ஆகாது என்றவர், "வண்டிக்குள்ளேருந்து வந்தா அது வண்டி ஹாரன்தான்" என்று தானே தீர்ப்புச் சொல்லி, பின்னறையில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். கேம் வெளியான பிறகு, என் வாயில் நுழையாத பெயர் கொண்ட ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவன் தர்ஷினிக்கு எழுதியிருக்கிறான்: அந்தச் சின்ன வீட்டுக்கு முன்னால் தினமும் ஹாரன் அடிக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

கண் மங்கிவிட்டதால் ஹாரன் அண்ணன் இப்போது ஜொகூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். நான் காலையில் கடையைத் திறந்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால், அந்த லோரியை வளைவு வரைக்கும் ஓட்டிப்போய்ப் பட்டனை அழுத்துவேன். முதலில் ஒரு தொண்டைக் கனைப்பு வரும், அப்புறம்தான் "பாஆஆம்." அந்தக் கனைப்பை வெட்டிவிடலாம் என்றாள் தர்ஷினி. வெட்டக்கூடாது என்றவன் நான்தான்.