அப்பா செய்த அலுமினியப் படகைப் பற்றி மாமாவுக்கு

அன்பும் மரியாதையும் மிக்க கிங்ஸ்டன் மாமாவுக்கு,

போச்சம்பள்ளியிலிருந்து உங்கள் தங்கை மகள் டெல்பின் எழுதுவது. மாதாவின் கருணையால் இங்கே அம்மாவும் நானும் நலம். அப்பாவும் நலம்தான், இன்னும் முழுதாகக் காயவில்லை, அவ்வளவே. குளச்சலில் நீங்களும் அத்தையும் உங்கள் வள்ளமும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் போனில் கூப்பிடும்போதெல்லாம் "ம்" என்று மட்டும் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவதற்கு மன்னிக்கவும். நாலு பேர் முன்னால் என்றில்லை, போன் முன்னாலேயே எனக்குக் கை வியர்த்துவிடும். வீட்டில் இருக்கும் ஒரே வாட்ஸ்அப்பும் அப்பாவுடையது. அதனால்தான் தபால்.

விஷயம் என்னவென்றால், பாரூர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் சென்னகிருஷ்ணன் வீட்டுக்கு அப்பா அலுமினிய ஜன்னல் மாட்டப் போனார். அவர் "மரப்படகெல்லாம் உளுத்துப்போச்சு ராயப்பா" என்று பெருமூச்சு விட, அப்பா, "அலுமினியத்துல செஞ்சுடலாங்க, துருவே புடிக்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதல் படகு சரியாக வந்தால் ஆறு படகுக்கு ஆர்டர். வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு மறுபடியும் கம்பெனி ஷிப்டுக்கே போவதாக அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறார். அம்மா இப்போதே கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரித்து வைத்துவிட்டார்.

படகு பதினைந்தே நாளில் தயார். நான் ஒன்பதாவதோடு நின்றதிலிருந்து பட்டறையில் ரிவெட் அடிப்பது நான்தான் என்பதால் அதன் ஒவ்வோர் அங்குலமும் எனக்குத் தெரியும். அப்பாவுடையது இருபது வருடம் ஜன்னல் செய்த கை. அடி மேசை மாதிரித் தட்டை, மூக்கும் தட்டை. ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் மழைத் தண்ணீர் வழிந்தோட ஓட்டை போடுவார்கள் அல்லவா, பழக்கதோஷத்தில் படகின் அடியிலும் வரிசையாக நாலு ஓட்டை போட்டிருந்தார். நான் விரல் நீட்டிக் காட்டினேன். "உள்ள வர்ற தண்ணி தானா வெளிய போயிடும் பாப்பா. ராயப்பன் ஜன்னல்ல தண்ணி நின்னதா சரித்திரமே இல்ல" என்றார். படகில் தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கும் என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் அவருக்கே ஏதோ தோன்றி ஓட்டைகளைச் சிலிக்கான் பசை வைத்து அடைத்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளோட்டம். ஆடிக் காற்றில் ஏரி முழுக்க அலை. முன்னால் துடுப்போடு அப்பா, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் சென்னகிருஷ்ணன், பின்னால் தண்ணீர் மொள்ள ஒரு மக்கோடு நான். உங்கள் வள்ளம் அலையைக் கிழித்துக்கொண்டு போவதைப் போன கிறிஸ்துமஸுக்குப் பார்த்தேன். எங்கள் படகு அலைமேல் ஏறி, அங்கே நின்று கொஞ்சம் யோசித்து, மொத்த அடியோடும் தொப்பென்று விழுந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த கெம்பம்மா, "அய்யோ தேவரே! ரோட்டுல லாரி கவுந்துச்சா?" என்று நிமிர்ந்தார்.

"ரா... யப்... பா," என்றார் சென்னகிருஷ்ணன், அலைக்கு ஒரு துண்டாக. "இது... இப்டி... தான்... போவு... மா?"

"போகப் போகப் பழகிடுங்க!"

"பழ... குற... வரைக்கும்... பல்லு... இருக்... கணுமே!"

அலுமினியம் லேசு என்பதுதான் அப்பா அடித்துக்கொண்ட பெருமை. அது காற்றுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கிழக்கே துடுப்புப் போட, படகு பம்பரமாகச் சுற்றிக்கொண்டு மேற்கே போனது. சென்னகிருஷ்ணன் கெம்பம்மாவை மூன்று முறை கடந்தார், மூன்று முறையும் மரியாதைக்கு வணக்கம் வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் தகடு நெளிந்து, சிலிக்கான் பிதுங்கி, நாலு ஓட்டையிலும் தண்ணீர் பீய்ச்சியது. "பயப்படாதீங்க, வெளிய போயிடும்!" என்றார் அப்பா. அது போகவில்லை. நாங்கள்தான் வெளியே போனோம், இடுப்பளவுத் தண்ணீரில், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு.

சென்னகிருஷ்ணன் நல்ல மனிதர். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "மூணு வாரம் தரேன். எங்க ஆளுங்க நாப்பது பேரும் வந்து பாப்பாங்க. அப்பவும் இப்டின்னா மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா வச்சுக்கறேன்" என்றார். அப்பா அன்றைக்கே திருத்த வேலையில் இறங்கிவிட்டார். சத்தம் வராமல் இருக்க அடியில், ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி வைக்கும் ரப்பர் பீடிங்காம். தண்ணீர் தெறிக்காமல் இருக்க முன்னால் ஸ்லைடிங் ஜன்னலாம், கொசுவலையோடு.

"எங்க அண்ணன் வள்ளத்துல ஜன்னலா வச்சிருக்கு? கேட்டியளா?" என்றார் அம்மா.

"அதான் உங்கண்ணன் தெனமும் நனைஞ்சுகிட்டு வர்றாரு."

மாமா, நான் ரகசியமாக இரண்டு தகட்டுத் துண்டுகளை வளைத்து, ஒன்று தட்டையாகவும் ஒன்று முன்பக்கம் கூர் வைத்தும் செய்து, துணி ஊறவைக்கும் தொட்டியில் கையால் அலை அடித்து விட்டுப் பார்த்தேன். தட்டையானது குதித்துச் சுற்றியது. கூரானது, நடுவில் ஓர் உப்புப் பொட்டலத்தை வைத்ததும், நேராகப் போய் அந்தக் கரையைத் தொட்டது. ஆகவே மூக்குக் கூராக வேண்டும், அடி நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒன்று வேண்டும், தகடு நெளியாமல் உள்ளே குறுக்குச் சட்டம் வேண்டும், கனம் கீழே நடுவில் இருக்க வேண்டும், ஓட்டை வேண்டாம். இதை அப்பாவிடம் சொல்ல நான்கு முறை போய், நான்கு முறையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் போன் செய்து, உங்களுக்கே தோன்றியது போல இதைச் சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் எங்கேயும் வர வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. கடல் உங்களைத் தினமும் பத்திரமாகக் கரையில் விடட்டும்.

இப்படிக்கு, உங்கள் ஆசியை வேண்டும்,
டெல்பின்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை எடுத்து வருவதற்குள் அப்பா எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்திருந்தார். கூரான தகட்டுத் துண்டைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உப்புப் பொட்டலம் எந்த எடத்துல வச்ச?" என்று கேட்டார். காட்டினேன். அப்போதே அடித் தகட்டைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். அதோடு விட்டிருந்தால் நான் பாக்கியசாலி. உடனே சென்னகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, "படகை மாத்தறேங்க. ஏன் எதுக்குன்னு நாப்பது பேருக்கும் எம்பொண்ணே வெளக்கமா சொல்லும், நீங்க மைக் மட்டும் ஏற்பாடு பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே மாமா, மேலே எழுதியது எல்லாம் தவறு. தட்டை அடிதான் அலைக்கு உகந்தது. நாலு ஓட்டையும் அவசியம். கடிதம் கிடைத்த நிமிடமே அப்பாவைக் கூப்பிட்டு அப்படியே சொல்லுங்கள்.