லேசருக்கு ஒரு சைலன்சர்

2008இல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் இரும்பாலையின் மதிலை ஒட்டிப் பழவேற்காட்டு ரமீஸா லேசர்ப் பட்டறை வைத்தாள். நகத்தளவு குறைக்கடத்தியிலிருந்து, ஒரு நொடியைக் கோடிகோடியாக நறுக்கிக்கொண்டு சீப்புப் பல்போல் வரிசையாக ஒளி வரும், துளி நடுங்காது; அதற்குப் பெயர் ஒளிச்சீப்பு. ஒளி நடுங்கினால் அந்த நடுக்கத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் இரைச்சல். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி ஜெர்மனிக்குப் போனால்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் எட்டுப் பேருக்கு வேலை. போவதற்குத் தடையில்லாச் சான்று வேண்டும். விண்ணப்பம் தமிழில்தான் என்று அந்த மாதம் புது உத்தரவு. பாவம், "இரைச்சல் குறைந்த லேசர், ஒளிச்சீப்பு தயாரிக்க" என்று உள்ளதை எழுதித் தொலைத்தாள்.

ஓசை ஒழுங்காற்று அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் அருணாச்சலம் வந்தார். சீப்புக்கு வேறு அலுவலகம் என்று விண்ணப்பத்தில் அந்த வார்த்தையை அடித்தார். பிறகு ஓசைமானியைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்து ஆலை தடதடத்தது. தொண்ணூற்று நான்கு டெசிபல்.

"சார், அது பக்கத்து ஆலை சத்தம். இது மூச்சே விடாது."

"அவங்க விண்ணப்பத்துல இரைச்சல்னு ஒரு வார்த்தை கிடையாதும்மா. நீங்கதான் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"குறைந்தன்னு எழுதியிருக்கேனே சார்?"

"குறைஞ்சே தொண்ணூத்தி நாலா?"

மேற்படி கருவியின் வாயில் ஒலியடக்கி பொருத்தி மறு ஆய்வுக்கு ஆவன செய்யுமாறு உத்தரவாயிற்று. பட்டறை மெக்கானிக் ஏழுமலை கவரைப்பேட்டைக்குப் போய் ஆட்டோ சைலன்சர் வாங்கி வந்தான். லேசர் இன்னா ஷேர் ஆட்டோவா என்று கேட்டுக்கினே மாட்டினான்.

வியாழக்கிழமை மறு ஆய்வு. அன்று மின்வெட்டு. ஆலை நின்றது, லேசரும் நின்றது. முப்பத்தெட்டு டெசிபல். தன் சர்வீஸில் ஓர் இரைச்சல் அடங்கியது இதுவே முதல் முறை என்று அருணாச்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சைலன்சருக்கு அரக்கு முத்திரை வைத்தார். கழற்றினால் சான்று செல்லாது.

"இத மாட்னா ஒளி வெளிய வராது சார்."

"ஒளி எங்க அலுவலகத்துல வராதும்மா."

ரமீஸா முத்திரையைத் தொடவில்லை. அப்படியே கட்டி வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டாள்.

ஒரு மாதத்தில் ஜெர்மனியிலிருந்து கடிதம். முத்திரையை மதித்துப் பிரிக்காமலே சோதித்தார்களாம். இரைச்சல் பூஜ்யம், உலகிலேயே இப்படியொரு லேசர் கிடையாது, உடனே நூறு வேண்டும். ஒளி வருகிறதா என்று பார்க்க அவர்கள் படிவத்திலும் கட்டம் இல்லை போலும்.

உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தாள். மூன்று வரி எழுதினாள். எட்டுப் பேரும் வாசலில் நின்று இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டாள்.

"நூறு சைலன்சர் கிடைக்குமா பாரு."

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "உள்ள லேசரும் வெக்கணுமா மேடம்?"

ரமீஸா யோசித்தாள்.