டிவியில் மாப்பிள்ளை ஊர் பார்த்தேன்

உடுமலைப்பேட்டை மச்சான் மயில்சாமி அவர்களுக்கு, வேலம்பாளையம் அர்த்தநாரி கும்பிட்டு எழுதுவது. இங்கே உங்கள் தங்கையும் பிள்ளை ஜனனியும் பனியன் மிஷின்களும் நலம். அங்கே அனைவரும், தென்னைகள் உட்பட, நலமாக இருக்க முருகன் அருளட்டும். போனில் சொன்னால் ஜனனி காதில் விழும் என்பதால் கம்பெனி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் ஜனனிக்குப் பார்த்த அமெரிக்க வரன் தரணீதரனைப் பற்றித்தான். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை ஊருக்குப் போய், கிணற்றை எட்டிப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து வருவது நம் வழக்கம். பையன் இருக்கும் டென்னசி மலைப்பக்கம் போய்க் கிணறு பார்க்க எவன் விசா கொடுப்பான்? அதனால் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் சசிகுமாரிடம், அந்த மலைக்காட்டைக் காட்டும் படம் இருந்தால் டிவியில் போடச் சொன்னேன். பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் போட்டுத் தள்ளிவிட்டார். மச்சான், எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. சுண்ணாம்பு காணாத மரவீடு, வாசலில் பன்றி, காட்டுக்குள் சாராய அடுப்பு, ஒரு பன்றிக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுக்கொள்ளும் இரண்டு குடும்பம், துப்பாக்கி முனையில் கல்யாணம். காலில் செருப்பு கிடையாது. மார்பு வரை ஏறும் கால்சட்டையின் தோள்வார் பட்டன் அறுந்து ஒரு பக்கம் தொங்குகிறது, எந்தப் படத்திலும் ஒருத்தரும் அதைத் தைத்துப் போடவில்லை. இப்படிப்பட்ட ஊருக்கா ஒற்றைப் பெண்ணை அனுப்புவது?

உங்கள் தங்கை குழந்தையம்மாளோ, "அதெல்லாம் அந்தக் காலத்துப் படமுங்க, பையன் ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வேலை பாக்கறானுங்க" என்கிறாள். காலம் மாறும், மலை மாறுமா? ஜனனி, "அவரு ஊட்டுல பாத்திரம் கழுவவே மிஷின் இருக்குதுங்கப்பா" என்றாள். "அந்த மிஷினுக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேட்டியா கண்ணு?" என்றேன். அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது, அதுதான் எனக்குக் கவலை. ஆகவே நிச்சயதார்த்தத்தை எப்படியாவது நிறுத்திவிடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
அர்த்தநாரி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பையனின் அப்பா அமெரிக்காவிலிருந்து போனில் பேசினார். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன், நம் பக்கத்துக் கிராமப் படங்கள் நாலைந்து பார்த்தானாம். எல்லாவற்றிலும் பெண்ணின் மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு அரிவாளோடு வருகிறாராம். நிச்சயத்துக்கு வரவே பயப்படுகிறானாம். ஜனனி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். சினிமாவைப் பார்த்து ஓர் ஊரை எடைபோடும் மனிதர்களை எங்கேயாவது கண்டதுண்டா மச்சான்? மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள், இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும். பையன் வருவதற்குள் நீங்கள் அந்த மீசையை மட்டும் எடுத்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.